செம்போத்துக்குப் போட்ட சங்கிலி

ரத்னாபாய்க்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். இது அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். அவள் புருஷன் ஞானசிகாமணிக்கு மட்டும், கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆன பிறகும், தெரியாது. பெண்சாதி முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. அவருக்கு ஒரு சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க் வேலை உண்டு, கிறிஸ்தவ சபைக் கமிட்டி உண்டு, மாமனார் போட்ட வெள்ளிச் சங்கிலியோடு ஒரு பாக்கெட் கடிகாரம் உண்டு. உலகத்தில் பார்க்க வேண்டியதை எல்லாம் அந்தக் கடிகாரத்திலேயே பார்த்து முடித்துவிடுவார்.

திருவனந்தபுரத்தில் ஜகதிக்குக் கீழே, கிள்ளியாறு வளைந்து திரும்புகிற இடத்தில் அவர்கள் வீடு. வீட்டின் முகம் ரோட்டைப் பார்த்திருந்தாலும் அழகெல்லாம் பின்பக்கம்தான். அடுக்களைக் கதவைத் திறந்தால் ஒரு பலா, இரண்டு மா, அப்புறம் சரிவு, சரிவின் அடியில் ஆற்றோரமாகத் தாழம்புதர். அக்கரையில் நெருக்கமாக மூங்கில். இந்த இடத்தில் எத்தனை பறவை வந்து போகிறது என்பது அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே ரத்னாபாய்க்குத் தெரிந்துவிட்டது. ஞானசிகாமணிக்குத் தெரிந்தது காக்காய் ஒன்றுதான், அதுவும் காயப்போட்ட கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனதால்.

அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் முன்பு தலைமையாசிரியையாக இருந்த வெள்ளைக்கார அம்மாள், ஊருக்குக் கப்பலேறும்போது தன் தூரதிருஷ்டிக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதைக் கண்ணில் வைத்தால் பலாமரத்து மாங்குயில் மூக்கருகில் வந்து உட்காரும். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். அரைத்த விரலி மஞ்சள்கூட அதற்கு முன்னால் மங்கல்தான். மரத்தடியில் மரகதப்புறா சருகைப் புரட்டிக்கொண்டு நடக்கும். நிழலில் இருக்கும்வரை சாதாரணப் புறா, ஒரு துண்டு வெயிலுக்குள் கால் வைத்ததும் முதுகெல்லாம் பச்சை பற்றி எரியும். கார்த்திகை பிறந்தால் ஆறுமணிக்குருவி வரும். உடம்பில் எத்தனை வர்ணம் என்று அவள் ஒவ்வொரு வருஷமும் எண்ணத் தொடங்கி, எண்ணி முடிப்பதற்குள் அது புதருக்குள் போய்விடும். ஆற்றின்மேல் மீன்கொத்தி நீலமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகும்போது, பாத்திரம் தேய்க்கிற கை தன்னால் நின்றுபோகும். அந்த அரைமணி நேரம் அவளுக்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம், யாரும் எதுவும் கேட்கவும் வேண்டாம்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டு மேட மாசம், அதாவது சித்திரை. பள்ளிக்கூடம் விடுமுறை. பெண்குழந்தைகள் இருவரும் மார்த்தாண்டத்தில் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த விடுமுறையில் ரத்னாபாய் தன் மனசைப் பறிகொடுத்தது ஒரு செம்போத்து ஜோடிக்கு.

செம்போத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நன்றாகப் பார்த்தவர்கள் குறைவு. கறுப்பு உடம்பு என்று சொல்லிவிடலாம், ஆனால் வெயில் படும்போது அதில் கத்தரிப்பூ நிறமும் நீலமும் ஓடும். சிறகு செப்புக் குடத்தைப் புளிபோட்டுத் துலக்கியதுபோல் இருக்கும். கண் இரத்தச் சிவப்பு. காலையில் முதல் வெயில் மாமரத்துக்கு வந்ததும் ஆண்பறவை ஒரு கிளையில் ஏறி, இரண்டு சிறகையும் அகல விரித்து, ஈரவேட்டி காயப்போட்ட மாதிரி அசையாமல் நிற்கும். பிறகு தரையில் இறங்கி, நீண்ட வாலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து மிடுக்காக நடக்கும். கோட்டு போட்டுக்கொண்டு சபைக் கமிட்டிக்குப் போகிற தன் புருஷன்தான் என்று ரத்னாபாய் வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். 'உப், உப், உப்' என்று அது அடிவயிற்றிலிருந்து கூப்பிட, தாழம்புதருக்குள்ளிருந்து பெண்பறவை பதில் கொடுக்கும். அங்கேதான் கூடு என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை.

கண்டுபிடித்ததை மனசில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ராத்திரி சோறு போடும்போது புருஷனிடம் சொன்னாள். வழக்கமாக அவள் பறவைப் பேச்சை எடுத்தால் ஞானசிகாமணி மோர் ஊற்றச் சொல்வார். அன்று கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"செம்போத்தா? குஞ்சு பொரிச்சாச்சா?"

"பொரிச்சாச்சு. மூணு குஞ்சு. கறுகறுன்னு, தலையில வெள்ள வெள்ளயா முடி. பாக்க அசிங்கமா இருக்கு, ஆனா கண்ண எடுக்க மனசு வராது."

"எங்க இருக்கு கூடு? எனக்குக் காட்டித் தருவியா பிள்ளே?"

ரத்னாபாய்க்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் விடிந்ததும் அவரைச் சரிவில் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். தாழையின் முள் மடலைத் தானே விலக்கிக் காட்டினாள். தன் கண்ணாடியைக்கூட அவர் கையில் கொடுத்தாள். அவர் நெடுநேரம் பார்த்தார். திரும்பி வரும்போது, "நல்லா இருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து தனக்குப் பிடித்த ஒன்றை அவர் இப்படி நின்று பார்த்ததே இல்லை. அன்று முழுவதும் அவள் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

குஞ்சுகள் வளர்ந்தன. தாயும் தகப்பனும் மாறி மாறி ஓணானும் புழுவும் தவளையும் கொண்டுவந்து திணித்தன. ஒரு நாள் காலையில் இரண்டு குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வந்து, தத்தித் தத்தி மடல் மாறி ஏறிப் புதருக்குள் மறைந்தன. மூன்றாவது வெளியே வரவில்லை. சவலைக் குஞ்சாக இருக்கும், நாளைக்கு வரும் என்று நினைத்தாள். மறுநாளும் வரவில்லை. தாய் எதிர்க்கிளையில் உட்கார்ந்து வாயில் புழுவை வைத்துக்கொண்டு கூப்பிட்டது. குஞ்சு கூட்டின் வாய்க்கு வந்தது, கழுத்தை நீட்டியது, ஒரு எட்டுக் குதித்தது. குதித்ததும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் வெடுக்கென்று நின்று, தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது. பிறகு தட்டுத் தடுமாறிக் கூட்டுக்குள் ஏறிக்கொண்டது. மறுபடி தாய் கூப்பிட்டது. மறுபடி குதித்தது. மறுபடி தொங்கியது.

கண்ணாடிக்குள் என்னவோ மின்னியது. ரத்னாபாய் கண்ணாடியை அப்படியே மாமரத்தடியில் வைத்துவிட்டுச் சரிவில் ஓடினாள். தாழைமுள் இரண்டு முழங்கையையும் கீறியது. கிட்டப் போய் மடலை விலக்கிப் பார்த்தாள். குஞ்சின் காலைச் சுற்றி ஒரு கம்பி வளையம். வளையத்திலிருந்து மெல்லிய இரும்புச் சங்கிலி. சங்கிலியின் மறுமுனை தாழையின் அடித்தண்டில் சுற்றி, ஒரு கொக்கியால் மாட்டியிருந்தது. குஞ்சின் கால் வீங்கி, தோல் உரிந்து, சிவந்து கிடந்தது.

எந்தப் பாவி செய்த வேலை என்று சபிக்க வாயெடுத்தவள், கொக்கியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அது அவள் வளைத்த கொக்கி. முன்னறையில் தொங்கும் மண்ணெண்ணெய் விளக்கின் சங்கிலிக்காகப் போன வருஷம் அவளே கம்பியை வளைத்துச் செய்தது. போன வாரம்தான் ஞானசிகாமணி, சங்கிலி துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி, விளக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

சங்கிலி எதற்கு என்று யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் மார்த்தாண்டத்தில் அவளும் கேட்ட கதைதான். மலையில் நீலக்கொடிவேலி என்று ஒரு மூலிகை உண்டாம். அது இருக்கும் இடம் மனுஷர் யாருக்கும் தெரியாதாம், செம்போத்துக்கு மட்டும் தெரியுமாம். குஞ்சை இரும்புச் சங்கிலியால் கட்டிப்போட்டால், தாய் மலைக்குப் பறந்துபோய் அந்த வேரைக் கொண்டுவந்து தொடுமாம்; இரும்பு அறுந்து விழுமாம். பிறகு கூட்டைப் பிரித்து ஆற்றில் போட்டால் எந்தக் குச்சி வெள்ளத்தை எதிர்த்து மேலே போகிறதோ அதுதான் வேர். அதை அரிசிப் பானையில் போட்டால் எடுக்க எடுக்கக் குறையாதாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சகுனம் பார்ப்பது அஞ்ஞானம் என்று சபையில் எழுந்து நின்று முக்கால் மணி நேரம் முழங்கிய மனுஷன்! செம்போத்து வலது பக்கம் பறந்தால் நல்லது என்று நின்று பார்த்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரரை, 'பட்சிக்கு சலாம் வைக்கிற ஆளு' என்று பல்லைக் காட்டிச் சிரித்த மனுஷன்! அந்த மனுஷன் தன் பெண்சாதி ஆசையாகக் காட்டிய கூட்டுக்குள் கையை விட்டு, பறக்கத் தெரியாத குஞ்சின் காலில் விளக்குச் சங்கிலியை மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கைகழுவிச் சாப்பிட்டு, ஜெபமும் பண்ணிவிட்டுத் தூங்கியிருக்கிறார். நல்லா இருக்கு என்று அவர் சொன்னது குஞ்சையல்ல, கைக்கு எட்டுகிற கூட்டின் உயரத்தை.

வீட்டுக்கு ஓடினாள். வேலி கட்டியபோது வாங்கிய கம்பி வெட்டும் குறடு அடுக்களைப் பரணில் கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினாள். தாய்ப்பறவை தலைக்குமேல் வந்து சீறியது. "கத்து, நல்லாக் கத்து. கொத்தினாலும் கொத்து. நான்தானே காட்டிக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே குஞ்சை முந்தானையால் மூடிப் பிடித்தாள். சங்கிலியின் கண்ணி ஒன்றைக் குறட்டின் வாய்க்குள் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். டக் என்று விட்டது. காலில் இருந்த வளையத்தை வெட்டத்தான் அதிக நேரம் பிடித்தது. குஞ்சு அவள் பெருவிரலைக் கவ்விக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, வளையத்தைப் பிரித்து எடுத்து, குஞ்சைத் தாழையின் உள்மடலில் ஏற்றிவிட்டாள். அது ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி இருட்டுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் உள்ளே தாய் கொடுக்கும் மெல்லிய குரல் கேட்டது.

சங்கிலியை அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் அவரை இங்கேயே கூட்டிக்கொண்டு வந்து, இதைக் காட்டி, நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று அப்படியே தொங்கவிட்டு வந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ஞானசிகாமணி அன்று ஆபீஸிலிருந்து ரோட்டு வழியாக வராமல் ஆற்றங்கரை வழியாகவே வந்தார். அவள் அடுப்பில் காப்பிக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கும்போது சரிவின் கீழேயிருந்து ஒரு கூச்சல்.

"அறுந்துபோச்சு! ரத்னம், ஏட்டி ரத்னம், அறுந்துபோச்சு!"

அவள் இறங்கிப் போனபோது அவர் கோட்டைக் கழற்றி அதில் கூட்டைப் பொதிந்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. ஒரு கையில் அறுந்த சங்கிலி.

"நான்தான் வெட்டினேன்" என்றாள் ரத்னாபாய்.

அவர் காதில் அது விழவேயில்லை. ஆற்றுக்குள் முழங்கால் வரை இறங்கி, கூட்டைப் பிய்த்துப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார். காய்ந்த ஓலையும் இலையும் குச்சியும் ஒழுக்கோடு போயின. ஒரு குச்சி மட்டும் வளைவில் ஒதுங்கிச் சுழன்று, கரையோரமாக மேலே ஏறி வந்தது. ஞானசிகாமணி செருப்போடு பாய்ந்து அதைப் பிடித்தார். காலண்டரில் தேதி கிழிப்பதைத் தவிர வேறெதற்கும் அவசரப்படாத மனுஷன் அப்படிப் பாய்வதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"இஞ்சேருங்க, அந்த வளைவுல எதப் போட்டாலும் மேலதான் ஏறி வரும். நான் பாத்திரம் கழுவயில தெனமும் பாக்கேன். புளியங்கொட்டையும் ஏறி வருது, வெங்காயத் தோலும் ஏறி வருது. அதெல்லாம் மூலிகையா?"

"வாய மூடு. உனக்கு விசுவாசம் இல்ல."

"விசுவாசமா? சபையில நீங்க என்ன பேசினிய? இது அஞ்ஞானம் இல்லியா?"

"எலியாவுக்குக் காகம் அப்பமும் இறைச்சியும் கொண்டு வந்துச்சுன்னு வேதத்துல போட்டிருக்கா இல்லியா? காகம் அப்பம் கொண்டு வரலாம், செம்போத்து வேரு கொண்டு வரப்பிடாதோ?"

அவள் குறடைக் கொண்டுவந்து காட்டினாள். முழங்கைக் கீறலைக் காட்டினாள். குஞ்சு கடித்த பெருவிரலைக் காட்டினாள். அவர் எதையும் பார்க்கவில்லை. "பொம்பளக் கையால இரும்பு அறுமா? எனக்குக் கெடச்ச பாக்கியம் உனக்குப் பொறுக்கல்ல" என்று சொல்லிவிட்டு, வேரைக் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் போட்டார். அறுந்த கண்ணியைக் கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். கர்த்தரைத் துதித்து ஒரு ஜெபமும் பண்ணினார். ரத்னாபாய் ஆமென் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் அவர் முதல் வேலை பானையின் மூடியைத் திறந்து பார்ப்பது. "குறையல்ல! நேத்து எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கு!" என்பார். ரத்னாபாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளறையில் அரிசி மூட்டை இருக்கிறது. காலையில் உலைக்கு எடுத்துவிட்டு, எடுத்ததற்குப் பதில் மூட்டையிலிருந்து அளந்து பானையில் போடுவது அவள் தினசரி வழக்கம். அந்த வீட்டில் பானை என்றைக்குக் குறைந்திருக்கிறது, அவர் இன்றைக்குக் கண்டுபிடிப்பதற்கு! சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பட்டது போதும், கிறுக்கு தானாகத் தெளியட்டும் என்று இருந்துவிட்டாள். அது மட்டுமல்ல, அவள் கண்ணும் கருத்தும் வேறிடத்தில் இருந்தன. ஆண் செம்போத்து வாயில் மூங்கில் இலையைக் கவ்விக்கொண்டு அக்கரைக்குப் போகத் தொடங்கியிருந்தது. கூட்டைப் பறிகொடுத்த ஜோடி புதுக்கூடு கட்டுகிறது. இந்தத் தடவை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கிறுக்கு தெளியவில்லை, ஊரெல்லாம் பரவியது. ஞானசிகாமணி சங்கிலியை ஆபீஸில் காட்டினார், சபையில் காட்டினார், சவரம் செய்ய உட்கார்ந்த இடத்தில்கூடக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் ஆன பிறகு, நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், சபையில் முன்வரிசைக்காரர்கள். அவர்களுக்கு முன்னோடி தாசையன். ஞானசிகாமணியின் ஆபீஸ்காரர், செம்போத்துக் கதையை முதலில் ஞானசிகாமணி காதில் ஓதியவரும் இவர்தான்.

ரத்னாபாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது பார்த்தாள். ஒருவர் மடியில் ஒரு காகிதப் பொட்டலம், பிரிந்து கிடந்தது. உள்ளே புத்தம்புது இரும்புச் சங்கிலி. இன்னொருவர் சட்டைப் பையில் வீக்கம். தாசையன் தன்னுடையதை மேஜைமேலேயே வைத்திருந்தார்.

"டீச்சரே," என்றார் தாசையன், காப்பியை ஆற்றிக்கொண்டே, "இந்த ஆத்தங்கரையில எந்தப் பட்சி எங்க கூடு கெட்டுதுன்னு டீச்சருக்கு அத்துபடின்னு சார் பறஞ்சாரு. ஆளுக்கு ஒரு செம்போத்துக் கூடு காட்டித் தந்தா பெரிய உபகாரம்."

"காட்டுவா, காட்டாம என்ன?" என்றார் ஞானசிகாமணி. "அக்கரை மூங்கில்ல புதுசா ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தோணுது. ரெண்டு நாளா அங்கயே கண்ண வச்சுக்கிட்டு நிக்கா, பாத்தேன்."

பத்து வருஷமாக அவள் முகத்தைப் பார்க்காத மனுஷன், இந்த ஒன்றுக்காகப் பார்த்திருக்கிறார். ரத்னாபாய் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் குறடு இருந்தது, மூக்கு நுனி சிவந்திருந்தது.

நேராகப் புருஷன் முன்னால் போய் நின்று, அவர் நெஞ்சின் குறுக்கே தொங்கிய வெள்ளிச் சங்கிலியைப் பிடித்து, குறடை வைத்து அழுத்தினாள். டக். சங்கிலி இரண்டாகி, கோத்திருந்த இரும்புக் கண்ணி தரையில் விழுந்து உருண்டு தாசையனின் காலடியில் போய் நின்றது.

"ஏட்டி! உனக்குப் பைத்தியமா? உங்க அப்பா போட்ட செயினாக்கும் அது!"

"எங்க அப்பா போட்டதுனாலதான் வெட்டினேன். இத அறுத்தது எந்த வேருன்னு சொல்லுங்க பாப்போம். எந்த மலையிலருந்து எந்த செம்போத்து கொண்டு வந்துச்சு?"

"வெள்ளி இளகின சாதனம். இரும்பு வேற" என்று ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"அப்பிடியா? இரும்பும் இருக்கே." மேஜைமேல் இருந்த தாசையனின் புதுச் சங்கிலியை எடுத்தாள். டக். இன்னொரு கண்ணி. டக். மூன்றாவது துண்டும் மேஜையில் விழுந்தது. "பொம்பளக் கைதான். நல்லாப் பாத்துக்கிடுங்க. அன்னைக்கும் இந்தக் கைதான், இந்தக் குறடுதான். தாய்க்காரி என் தலைக்கு மேல கத்திக்கிட்டு நின்னா. அவளுக்கு வேரு தெரிஞ்சிருந்தா ரெண்டு நாளா பிள்ளை தலைகீழாத் தொங்குததப் பாத்துக்கிட்டு ஏன் இருக்கா? வேற யாருக்காவது சங்கிலி வெட்டணுமா? குடுங்க, நான் சும்மாவே வெட்டித் தாறேன்."

பொட்டலக்காரர் பொட்டலத்தை மெதுவாகச் சுருட்டினார். யாரும் காப்பியைத் தொடவில்லை. ஞானசிகாமணியின் முகம் கறுத்துச் சிறுத்தது. ஆனால் அவரிடம் இன்னும் ஒரு சாட்சி இருந்தது.

"சங்கிலி போவட்டும்! பானை? அரிசிப் பானை குறையல்லியே! அத எந்தக் குறடு நெறச்சது? நான் தெனமும் என் கண்ணால பாக்கேன்!"

"ஆமா, அதுக்கு டீச்சர் என்ன சொல்லுதிய?" என்று தாசையன் உயிர் வந்தவர்போல் நிமிர்ந்தார்.

ரத்னாபாய் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இப்போது கோபத்தைவிட ஆற்றாமைதான் அதிகம்.

"நான் நெறச்சேன்," என்றாள். "மூட்டையிலருந்து அளந்து தெனமும் காலையில நான் போடுதேன். இந்த வாரம் மட்டுமில்ல, இந்த வீட்டுக்கு வந்த நாளுலருந்து போடுதேன். மூட்டை தீர்ந்தா வண்டிக்காரன்கிட்ட சொல்லி வாங்கிப் போடுததும் நான்தான். இத்தன வருஷமும் பானை நெறஞ்சே இருந்துச்சு, அப்ப உங்க கண்ணுல படல்ல. ஒரு அழுகின குச்சியப் போட்டதும் பட்டுட்டு, இல்லியா? குச்சிக்குக் கும்பிடு, எனக்கு என்ன?"

முதலில் சிரித்தது பொட்டலக்காரர். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். ஹெட் கிளார்க்கின் அற்புதம் அவர் பெண்சாதி என்று நாளைக்கு ஆபீஸ் முழுக்கப் பேச்சாகிவிடும் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. தாசையன் மட்டும் சிரிக்காமல், வெட்டுப்பட்ட துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே மழைக்கோள் இருக்கிறது என்று சொல்லி முதலில் எழுந்தார். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் உலைக்கு அரிசி எடுத்தாள், திரும்பப் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. ஞானசிகாமணி இரண்டு சாயங்காலமும் வந்து மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். மூன்றாம் நாள் காலையில் பானையின் அடியில் வெள்ளைத்துணிப் பொட்டலம் மட்டும் கிடந்தது. அடுப்பு எரியவில்லை.

ரத்னாபாய் மாமரத்தடியில் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தாள். கீழே தாழம்புதரின் ஓரத்தில் ஒரு செம்போத்துக் குஞ்சு, இன்னும் மினுக்கம் வராத மங்கிய சிறகோடு, ஒரு காலை லேசாக நொண்டிக்கொண்டு வெட்டுக்கிளியைத் துரத்தியது. அவள் கண்ணில் நீர் நிறைந்து கண்ணாடி மங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம். ஞானசிகாமணி வந்து நின்றார். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதா என்று பார்க்கக் கடிகாரம் மார்பில் இல்லை. சங்கிலி ஒட்ட ஆசாரியிடம் போயிருந்தது. பிறகு, முன்பு ஒருமுறை கேட்ட அதே குரலில், மெதுவாகக் கேட்டார்.

"புதுக்கூடு மூங்கில்ல எங்க பிள்ளே இருக்கு? ஒண்ணும் செய்ய மாட்டேன். சும்மா பாக்கத்தான்."

மெய்யாகவே சும்மா பார்க்கக் கேட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் போன தடவை காட்டிய விரல் அவளுடையது, தொங்கிய கால் குஞ்சினுடையது. அவள் உள்ளே போய் அரிசிப் பானையை எடுத்து வந்து அவர் இரண்டு கையிலும் வைத்தாள்.

"மொதல்ல இத நெறச்சுக்கிட்டு வாங்க. மூட்டை எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு அடுக்களையிலும் அறையிலுமாகத் தேடப் போனார். அவர் முதுகு கதவுக்குள் மறைந்த பிறகுதான் ரத்னாபாய் கண்ணாடியை அக்கரை மூங்கிலுக்குத் திருப்பினாள்.